மெழுகு வைக்கிற நாள்

(முழுப் பல் செட் குறித்து நாமக்கல்லில் மூத்தோர் கூட்டமொன்றில் செயற்கைப்பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பல் செட் கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்து, "எத்தனை நடைங்க வரோணும்?" அஞ்சு நடை என்றதும் முகம் சுருங்கிவிடும். அளவெடுக்க ஒரு நாள், மாட்டிவிட ஒரு நாள், அது போதாதா என்பார்கள். பரமத்தி வேலூரிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வருகிறவர் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்குப் பல்லைக் கண்ணில் காட்ட மாட்டோம். ரோஸ் நிற மெழுகில் வளைந்த திட்டு ஒன்றை மேலேயும், இன்னொன்றைக் கீழேயும் வாயில் வைப்போம். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி. மூடுங்கள் என்போம், எச்சில் விழுங்குங்கள் என்போம், மாம்பழம் என்று சொல்லுங்கள் என்போம். கூட வந்த பேரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். "இன்னைக்கு ஒண்ணுமே நடக்கலீங்க" என்று நீங்களும் வீட்டில் போய்ச் சொல்வீர்கள்.

செட் வாயில் நிற்குமா, டப்பாவில் தூங்குமா என்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான் முடிவாகிறது. அதனால் இன்றைக்கு அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எந்தக் கம்பெனிப் பல் நல்லது, எந்த நிறம் பொருந்தும் என்பதெல்லாம் அப்புறம்.

பல் உள்ளவர் கடியைப் பற்றி யோசிப்பதே இல்லை. மேல் கடைவாய்ப்பல்லின் குழியில் கீழ்ப்பல்லின் மேடு தானாகப் போய் உட்கார்ந்துவிடும். அதோடு ஒவ்வொரு பல்லின் வேரையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் நரம்பு நுனிகள் நிறைந்திருக்கும். சோற்றில் ஒரு குருணைக் கல் அகப்பட்டால் தாடை அந்த நொடியே நின்றுவிடுவது அவற்றின் வேலை. பல்லெல்லாம் போனபின், நிறுத்திவைக்கும் மேடும் இல்லை, சேதி சொல்லும் சவ்வும் இல்லை. கீழ்த்தாடை இரண்டு காதுக்கும் முன்னால் உள்ள மூட்டுகளில் தொங்கும் எலும்பு. தடுக்க எதுவும் இல்லாதபோது அது மேலே ஏறிக்கொண்டே போகும், முன்னால் தள்ளும், பக்கவாட்டில் சாயும். பல் இல்லாத பெரியவர் வாயை இறுக மூடினால் மோவாய் மூக்கைத் தொடப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே எங்களுக்கு இரண்டு கேள்விகள். எவ்வளவு உயரத்தில் தாடையை நிறுத்துவது? அந்த உயரத்தில் முன்னும் பின்னுமாக எந்த இடத்தில் நிறுத்துவது? இயற்கை போட்டுவைத்திருந்த அடையாளம் அழிந்துபோன வாயில், அந்த இரண்டையும் மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பல்லை அடுக்குவது அதற்குப் பிறகு வரும் கைவேலை.

கடி தப்பினால் என்ன ஆகும்? நாமக்கல்லில் நின்றுகொண்டு அதை விளக்கச் சிரமமே இல்லை. லாரி டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்தால் டயரை மாற்றிப் பயனில்லை, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பது இங்கே கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். பல் செட்டில் அலைன்மென்ட் தப்பினால் தேய்வது ஈறுக்கு அடியில் இருக்கும் எலும்பு. அதற்கு ஸ்டெப்னி கிடையாது.

டால்கிரன் என்ற பெண் ஆய்வாளர் பல் செட் போட்டவர்களை எக்ஸ்ரே எடுத்து 25 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து 1972-இல் முடிவை வெளியிட்டார். பல் எடுத்த முதல் வருடத்தில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. அதன்பின் வேகம் குறைந்தாலும் கரைவது நிற்பதில்லை. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நாலு மடங்கு கரைகிறது. கீழ் செட்டைத் திட்டாத ஆளே இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். நல்ல கடி இந்தத் தேய்மானத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்ட கடி அழுத்தத்தையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். அந்த இடம் புண்ணாகும், அந்தப் பக்கம் செட் ஆடும்.

"செட் லூசுங்க" என்று வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். வாயைத் திறந்தாலே விழுகிறதா, மெல்லும்போது மட்டும் கழல்கிறதா? திறந்தவுடன் விழுந்தால் பெரும்பாலும் அளவெடுத்ததில் கோளாறு, அல்லது ஓரம் நீண்டிருக்கும். பேசும்போது கம்மென்று நின்று, சோற்றை வைத்ததும் ஒரு பக்கம் தூக்கினால் கடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டாவது வகைக்காரர்கள்தான் பாவம். மருந்துக்கடையில் செட் ஒட்டுகிற பசை வாங்கி வாங்கி அலுத்திருப்பார்கள். பசை செட்டை ஈறோடு ஒட்டும். கோணல் கடியை நிமிர்த்தாது.

பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம் எல்லாம் சேர்த்துச் செய்த செட் அது. மேல் செட் கீழே விழாமலிருக்க இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் வாயைத் திறக்கத் தள்ளும். மனிதர் எந்நேரமும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். படங்களில் அவர் உதடு இறுகி, கன்னம் உப்பலாகத் தெரிவது அதனால்தான் என்பார்கள். 1851-இல் கெட்டி ரப்பருக்கு நெல்சன் குட்இயர் காப்புரிமை வாங்கினார். அந்த ரப்பரில் செட்டின் அடித்தட்டைச் செய்யத் தொடங்கியபின் செட் ஏழைக்கும் எட்டியது. கூடவே காப்புரிமைக் கட்டணத் தகராறும் வந்தது. கட்டணம் வசூலிக்க வழக்குமேல் வழக்குப் போட்ட கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டே கொன்றுவிட்டார். பல் செட்டுக்காகக் கொலை நடந்த காலம் அது. நாம் இன்று போடும் அக்ரிலிக் 1930-களின் கடைசியில்தான் வந்தது.

நம் பக்கத்தில் இந்தத் தொழில் படிப்பாக வருமுன்பே கைத்தொழிலாக இருந்தது. சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சென்னையிலும் வேறு ஊர்களிலும் பல் கட்டியிருக்கின்றன. பலகையில் சீன எழுத்தைப் பார்த்த நினைவு உங்களில் சிலருக்கு இருக்கும். டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் தொழில் செய்து பிழைத்தவர்களையும் தனிப் பிரிவில் பதிவுசெய்துகொண்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு 1953-இல் வந்தது. சேலம் அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் கல்லூரி 1986-இல் வந்தது. இன்றைக்குத் திருச்செங்கோட்டைச் சுற்றி மட்டும் இரண்டு இருக்கின்றன, கே.எஸ்.ஆர். கல்லூரியும், இளையம்பாளையத்தில் பெண்களுக்கான விவேகானந்தா கல்லூரியும். படிப்பு வருமுன் பல் கட்டியவர்களுக்குக் கைவாகு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் அடுக்கிய பல் வரிசையைப் பார்த்து நான் அசந்திருக்கிறேன். கடியைக் கண்டுபிடிக்க முறை வேண்டும். கண் நிதானம் மட்டும் அதற்குப் போதாது.

முதலில் உயரம்.

நிமிர்ந்து உட்கார்ந்து, எதையும் மெல்லாமல், பேசாமல், சும்மா இருக்கும்போது உங்கள் உதடுகள் தொட்டுக்கொண்டிருக்கும், பற்கள் தொட்டுக்கொண்டிருக்காது. இப்போதே பல் உள்ளவர்கள் கவனித்துப் பாருங்கள். இடையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நிஸ்வாங்கர் என்பவர் 1934-இல் இதை அளந்து, சராசரி 3 மில்லிமீட்டர் வாக்கில் என்றார். தசைகள் ஓய்வெடுக்கிற இடம் அது. பல் செட்டிலும் அந்த இடைவெளியை விட்டாக வேண்டும். மூக்கிலும் மோவாயிலும் புள்ளி வைப்பது இதற்குத்தான். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, மெழுகு மெழுகைத் தொடும்போது ஒரு அளவு; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 2-4 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். கேட்கச் சுலபம். "சும்மா இருங்க" என்று சொன்னவுடன் சும்மா இருக்கிற மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. சொன்ன மாத்திரத்தில் உடம்பு விறைக்கும். அதனால் பேச்சுக் கொடுப்பேன், மழை உண்டா, வெற்றிலை என்ன விலை போகிறது என்று. பேச்சு ஓய்ந்து அவர் மூச்சு விடுகிற நேரத்தில் அளந்துகொள்வேன். அதையும் ஒருமுறைக்கு நாலு முறை.

உயரம் கூடினால் இடைவெளி இருக்காது. நாள் முழுக்கப் பல்லோடு பல் முட்டிக்கொண்டே இருக்கும். பேசினால் டக் டக்கென்று சத்தம். சாயங்காலம் ஆனால் கன்னத்துத் தசை வலி. கீழ் ஈறு முழுக்க எரிச்சல். உதட்டை மூடச் சிரமம். உயரம் குறைந்தால் வலி இருக்காது. அதனாலேயே அது இன்னும் ஏமாற்றும். முகம் ஒடுங்கி வயது கூடத் தெரியும். வாயின் இரண்டு ஓரமும் மடிந்து, எச்சில் ஊறி வெடிக்கும். வெடிப்பு வந்ததும் சத்துக் குறைவு என்று மாத்திரை வாங்குவார்கள். சத்துக் குறைவும் இருக்கலாம், பூஞ்சையும் இருக்கலாம். செட்டின் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேலை மட்டும் நம்பி உயரத்தை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. தோல் இழுபடும், தாடி இருக்கும், புள்ளி நகரும். வாய் பேசுவதைக் கேட்பது இன்னொரு சாட்சி. 'ம' சொல்லும்போது உதடு தொடும், பல் தொடாது. மாம்பழம் சொல்லச் சொல்வது அதனால்தான். சேலத்துப் பக்கம் அந்தச் சொல்லுக்கு யாரும் தயங்க மாட்டார்கள். 'ஸ' ஒலி இன்னும் கூர்மையானது. அதைச் சொல்லும்போது மேல் கீழ்ப் பற்கள் மிகமிக நெருங்கும், ஆனால் முட்டக் கூடாது. சில்வர்மேன் என்ற அமெரிக்கர் 1950-களில் இந்த நெருக்கத்தையே அளவுகோலாக்கினார். அங்கே அறுபதிலிருந்து எழுபது வரை ஆங்கிலத்தில் எண்ணச் சொல்வார்கள். நம் ஆயாவிடம் அது நடக்காது. நான் பஸ் ரூட் கேட்பேன். "சேலம், ராசிபுரம், சேந்தமங்கலம்" என்று வேகமாகச் சொல்லச் சொன்னால் எனக்கு வேண்டிய ஒலி எல்லாம் வந்துவிடும். ராசிபுரத்தில் மெழுகு முட்டிச் சத்தம் கேட்டால் உயரம் அதிகம், சுரண்ட வேண்டும். காற்று ஒழுகி ஒலி மழுங்கினால் குறைவோ என்று பார்க்க வேண்டும்.

மெழுகின் மட்டமும் இதே நேரத்தில் முடிவாகிறது. முன்னால் பார்த்தால் இரண்டு கருவிழியையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கு மடலையும் காதின் முன் முனையையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாகவும் இருந்தால் சரி. இதில் பெரிய வம்பு வருவதில்லை.

வம்பெல்லாம் இரண்டாவது கேள்வியில்.

பல் இல்லாமல் ஒரு வருடம் இரண்டு வருடம் இருந்தவர்கள் முன் ஈறால் மெல்லப் பழகியிருப்பார்கள். முன்னால் மெல்ல வேண்டுமானால் கீழ்த்தாடையை முன்னே தள்ள வேண்டும். தசை அதைப் பாடமாக்கிக்கொள்ளும். எலும்பும் அதற்கேற்றபடிதான் கரைகிறது. மேல் ஈறு வரம்பு உள்நோக்கியும் கீழ் ஈறு வரம்பு வெளிநோக்கியும் நகரும். இந்த மனிதரை உட்காரவைத்து "கடிங்க" என்றால் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த இடத்தில், முன்னே தள்ளித்தான் கடிப்பார். அந்த இடத்தில் செட் செய்து கொடுத்தால் நாற்காலியில் அழகாகப் பொருந்தும். வீட்டுக்குப் போய்ச் சோற்றை விழுங்கும்போது தாடை தன் மூட்டுக்குள் பின்வாங்கும்; செட் மட்டும் முன்னால் நிற்கும். பின்பல் ஒன்றும் சேராது, கீழ் செட் வழுக்கும். "பல்லு நல்லாத்தானுங்க இருக்குது, சோறுதான் உள்ளே போகமாட்டேங்குது" என்று வருவார்.

நாங்கள் தேடுவது, தாடை மூட்டுகள் தங்கள் குழியில் இயல்பாக அமர்ந்து, அந்த இடத்திலிருந்து வெறும் கீல் அசைவாகத் திறந்து மூடக்கூடிய நிலை. பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். பல்லில்லாத வாயில் நம்பத்தக்கது அது ஒன்றுதான். பிடித்துத் தள்ளி அங்கே கொண்டுபோக முடியாது. தள்ளினால் தசை எதிர்த்துத் தள்ளும். நாங்கள் பயன்படுத்துவதெல்லாம் சின்னச் சின்னத் தந்திரங்கள். நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து மூடச் சொல்வது ஒன்று. நாக்கு பின்னால் போனால் தாடையும் அதன் கூடவே போகும். மேல் மெழுகின் பின்பகுதியில் ஒரு மெழுகு உருண்டையை ஒட்டி, "ஆயா, அந்த உருண்டையை நாக்கால தொட்டுட்டே மூடுங்க" என்றால் இன்னும் சுலபம். வால்காஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் பெயரால் அந்த உருண்டையை அழைக்கிறோம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்த சில வாரத்துக்குள், 1896 ஜனவரியில், தன் பல்லையே 25 நிமிடம் அசையாமல் காட்டி முதல் பல் எக்ஸ்ரே எடுத்தவரும் அதே ஆள். பொறுமைசாலி.

எச்சில் விழுங்கச் சொல்வதும் உதவும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். நாற்காலியை மல்லாக்கச் சாய்த்துக் கடி எடுத்தால் தாடை வேறு இடம் காட்டும். 1910 வாக்கில் ஜூரிக் நகரத்து கைசி வரைபட முறை ஒன்றைப் பிரபலமாக்கினார். ஒரு செட்டில் ஊசி, மறு செட்டில் தகடு. தாடையை முன்னும் பக்கவாட்டிலும் அசைத்தால் ஊசி தகட்டில் அம்பு முனை ஒன்றைக் கீறும். முனையின் உச்சி எங்கேயோ, அங்கேதான் தாடையின் சரியான இடம். மூன்று மாதமாகச் சோறு மெல்ல முடியாமல் இரண்டு இடத்தில் செட் கட்டி வந்தவர்களுக்கு நான் இதைச் செய்வதுண்டு. எல்லோருக்கும் தேவைப்படாது. எதைச் செய்தாலும் ஒரு தடவை எடுத்த கடியை நம்பாமல் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் மெழுகைப் பூட்டலாம்.

நோயாளியிடம் "கடிங்க" என்ற சொல்லே வாயிலிருந்து வரக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்வேன். கடி என்றால் வேகம் வரும்; வேகம் வந்தால் தாடை முன்னே போகும், மெழுகுத் தட்டு ஈறில் அமுங்கிச் சாயும். மெல்ல மூடுங்கள், பின்பல் இருந்த இடத்தில் தொடட்டும், அது போதும். மெழுகும் இரண்டு பக்கமும் ஒரே பதமாக இளகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் கெட்டியாக இருந்தால் தாடை மற்ற பக்கத்துக்கு நழுவிவிடும்; யாருக்கும் தெரியாது.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் 40 டிகிரி போகும். பூட்டிய மெழுகைப் பையில் போட்டு பஸ்ஸில் லேபுக்குக் கொடுத்துவிட்டால், டிரைவர் சீட்டுப் பக்கத்து எஞ்சின் சூட்டில் அது எந்த வடிவத்தில் போய்ச் சேருமோ. அரைமணி நேரம் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடம் வழியிலேயே தொலையும். கிளினிக்கிலேயே ஆர்டிகுலேட்டரில் பிளாஸ்டர் போட்டுப் பூட்டி அனுப்புவதே உத்தமம். ஆர்டிகுலேட்டர் என்பது உங்கள் தாடை அசைவை நகல் செய்யும் இரும்புக் கருவி. கீழ் முன்பல் நடுவுக்கும் ஒவ்வொரு தாடை மூட்டுக்கும் சுமார் 4 அங்குலம், மூட்டுக்கு மூட்டும் 4 அங்குலம் என்று பான்வில் என்ற அமெரிக்கர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு முக்கோணத்தைச் சொன்னார். சராசரி அளவில் செய்யப்பட்ட கருவிகள் பலவும் அந்த முக்கோணத்தின் பிள்ளைகள். உங்கள் சொந்த அளவையே கருவிக்குக் கொண்டுபோக முகத்தில் வைக்கும் வில் ஒன்றும் உண்டு.

இந்த வில் அவசியம்தானா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. கனடாவில் கவாய் முதலானோர் ஒரு சோதனை செய்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்குப் பழைய முழு முறையில் செட். இன்னொரு கூட்டத்துக்கு வில் இல்லாமல், இரண்டாவது முறை அளவெடுக்காமல், சுருக்கு முறையில் செட். போட்டவர்களின் திருப்தியில் வித்தியாசம் தெரியவில்லை. "அப்போ நீங்க எதுக்கு அஞ்சு நடை அலைய வைக்கிறீங்க?" என்று நீங்கள் கேட்டால் நியாயம். அந்தச் சுருக்கு முறைக்காரர்கள் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று பாருங்கள். மெழுகு வைத்துக் கடி எடுப்பதை அவர்களும் வெட்டவில்லை. பல்லைக் கூரிய மேடாக வைப்பதா தட்டையாக வைப்பதா என்பதிலும் கட்சிகள் இருக்கின்றன. கடி எடுத்த இடம் தப்பென்றால் எந்தக் கட்சியும் காப்பாற்றாது. அதனால் ஒரே நாளில் பல் செட் என்று போர்டு வைத்திருந்தால், "கடி எப்போ எடுப்பீங்க, பல் அடுக்கினதும் வாயில் வைத்துக் காட்டுவீங்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவு, நேரம் உண்டு என்றால் நான் சொன்ன கல்லூரிகளுக்குப் போகலாம். மாணவர் செய்வார், மெதுவாகத்தான் செய்வார், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாமதம் உங்களுக்கு லாபம்.

பல்லை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துக் காட்டும் நாளில் வீட்டு அம்மாவையோ மகளையோ கூட்டிவாருங்கள். நீங்கள் கண்ணாடியில் பல் வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பீர்கள். உங்கள் முகம் பழைய முகமாக இருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கடி தப்பியிருந்தால் திருத்த அதுவே மலிவான கடைசி நாள். மெழுகில் இருக்கும்வரை பல்லைப் பெயர்த்து நகர்த்தலாம். அக்ரிலிக்காகிவிட்டால் அரைக்க மட்டுமே முடியும். அக்ரிலிக் வெந்து இறுகும்போது சற்றுச் சுருங்கும், பல் இம்மியளவு நகரும். ஆகவே மாட்டும் நாளிலும் வண்ணத்தாளை வைத்து எங்கே முட்டுகிறது என்று பார்த்து அரைத்துக் கொடுக்க வேண்டும். அந்த இம்மி சின்னதென்று நினைக்காதீர்கள், ஈறு கண்டுபிடித்துவிடும்.

செட்டால் என்ன முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பல்லின் கடி வலுவில் நாலில் ஒரு பங்கு, அஞ்சில் ஒரு பங்குதான் கிடைக்கும். கடி எவ்வளவு சரியாக இருந்தாலும் அவ்வளவுதான். நம் பக்கத்துத் தட்டுவடை செட் பலகாரத்தை முதல் வாரத்திலேயே முன்பல்லால் கடித்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பாக்கு இடிக்கிற உரலையும் உடனே பரணில் ஏற்றிவிடாதீர்கள். கொட்டைப்பாக்கு செட்டுக்கும் எதிரி, ஈறுக்கும் எதிரி. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு வாய்க்கே எதிரி, சேர்ந்தால் இன்னும் கேடு. சிறு துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொஞ்சம் வைத்து மெல்லுங்கள். நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை; அவித்த முட்டையில் பழக ஆரம்பிக்கலாம். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். வசதி உள்ளவர்கள் யோசிக்கலாம். அதிலும் செட் நகராமல் நிற்குமே தவிர கடி தானாக வந்துவிடாது. மெழுகு வைக்கும் நாள் அங்கேயும் உண்டு.

கடைசியாக, பத்துப் பதினைந்து வருடமாக ஒரே செட்டைப் போட்டிருப்பவர்களுக்கு. உங்கள் செட்டில் பல் தேய்ந்து தட்டையாகியிருக்கும், அடியில் எலும்பு இறங்கியிருக்கும், தாடை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி முன்னே வந்திருக்கும். வலிக்காததால் உங்களுக்குத் தெரியாது. புது செட்டில் அத்தனை உயரத்தையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தால் தசை தாங்காது. பழைய செட்டின் மேலேயே கொஞ்சம் உயர்த்திப் பழக்கிவிட்டுப் பிறகு புதிது செய்வது நல்லது. வீட்டில் அரம், உப்புத்தாள் கொண்டு நீங்களே தேய்க்க வேண்டாம். கடி எடுக்கும் நாளுக்கு முந்தின நாளே பழைய செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அமுங்கிய ஈறு எழும்ப வேண்டும், முன்னே தள்ளிப் பழகிய தசை கொஞ்சம் மறக்க வேண்டும். அந்த ஒரு நாள் கஞ்சியோ ரசஞ்சோறோ போதும். கழற்றினதை வீட்டிலேயே வைத்துவிட்டும் வராதீர்கள், டப்பாவோடு எடுத்து வாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அதில் பார்த்துக்கொண்டுதான் நான் மெழுகைச் சூடாக்குவேன்.